நீர் காட்டுதல்

கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்பசுவிடம் துன்பத்தின் அறிகுறி எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கையில் எழுதும்படி எமல்டா பணிக்கப்பட்டாள். அவளும் அவ்வாறே எழுதினாள். விசைப்படகின் விசிறி அதன் முதுகை நெடுக்காகப் பிளந்திருந்தது. படகின் ஓசை கேட்டால் கடற்பசு விலகிப் போகும். அதன் இனம் அப்படித்தான் பிழைத்து வந்தது. இந்தக் கடற்பசுவின் துடுப்புக்கு அடியில் பொருத்தப்பட்டிருந்த கருவியோ, விலக வேண்டும் என்ற பதற்றம் தோன்றிய கணத்திலேயே அதைத் தணித்துவிட்டிருந்தது. இயற்கை மரபுப் பிரிவின் தலைவர் மொராவ், தொப்பியைக் கழற்றாமலே உடலை ஒருமுறை சுற்றிவந்து, இவ்வுயிர் இறுதிவரை அமைதியாக வாழ்ந்திருக்கிறது என்று மனநிறைவோடு கூறினார். சுற்றி நின்ற மீனவர்களுக்காக எமல்டா அதைத் தமிழில் சொன்னாள்.

"இப்பவும் அமைதியாத்தான் கெடக்குன்னு அவருகிட்ட சொல்லு தாயி" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் மொராவ் அதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை அவள் அறிவாள்.

மிக்கேல்வலசை, இராமநாதபுரம் கடற்கரையில் பனங்காட்டுக்கும் பவளப்பாறைத் திட்டுகளுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர். பன்னிரண்டு நாடுகள் ஒன்றுகூடிக் கல்வி, குழந்தைப் பாதுகாப்பு, இயற்கை மரபு என்னும் மூன்று நற்பணிகளையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டி, அதைச் செய்து பார்ப்பதற்கென்று இவ்வூரைத் தேர்ந்தெடுத்தன. செய்து பார்ப்பதற்கு அடுத்தவர் ஊர் எப்போதும் வசதியானது. தம் ஊரில் அதைச் செய்து பார்க்க அந்தப் பன்னிரண்டில் ஒரு நாடும் முன்வரவில்லை. மூன்று பிரிவுகளும் பழைய புயல் காப்பகத்தின் மாடியில், குளிரூட்டிய மூன்று அறைகளில் அமர்ந்தன. அவற்றை இணைத்த கொள்கை எளியது. அச்சம் ஒரு தீங்கு. அஞ்சும் குழந்தை கற்பதில்லை. அஞ்சும் விலங்கு இனம் பெருக்குவதில்லை. ஆகவே அச்சத்தை அளந்து, குறைத்து, ஒழித்துவிட வேண்டும்.

அதற்கான கருவிக்குக் காப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதை மென்பட்டையில் கோத்து இடது மணிக்கட்டில் அணிந்தனர். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் காலடி வைக்கும் அலுவலரும் விருந்தினரும்கூட அணிய வேண்டும் என்பது விதி. பெரியவர்களின் பதற்றம் பிள்ளைகளைத் தொற்றிவிடும் என்று யாரோ ஒரு நிபுணர் கண்டுபிடித்திருந்தார். ஊர்ப் பெரியவர்களுக்குக் காப்பு இல்லை. அவர்களுக்கென்று ஒப்பந்தத்தில் பிரிவு எதுவும் இல்லாததே காரணம்.

எமல்டா அவ்வூரில் பிறந்தவள். பங்குச் சாமியாரின் உதவியால் மதுரையிலும் பின்னர் கடல்கடந்தும் படித்து, அயல்மொழிகளைப் பிழையறக் கற்று, ஒப்பந்தத்தின் தொடர்பு அலுவலராகத் திரும்பி வந்திருந்தாள். வந்து பணியில் சேர்ந்த நாள்முதல் கண்ணில் பட்ட எவரையும் அவளால் மதிக்க முடியவில்லை. குழந்தைப் பாதுகாப்புப் பிரிவின் தலைவி ஹெல்கா, பிள்ளைகளின் தலையைத் தொடுவதற்கு முன் கையுறை அணிவார். தொடும்போது படம் எடுக்கச் சொல்வார். மொராவுக்குக் கடற்பாசிகளின் இலத்தீன் பெயர்கள் அத்துபடி. அவற்றை எடுத்து வயிறு வளர்க்கும் பெண்களில் ஒருத்தியின் பெயரும் தெரியாது. கல்விப் பிரிவுக்கு அரசு அனுப்பிய இணை இயக்குநர் சபாநடேசனோ, எவர் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பவர். மழை வரும் என்றாலும் சரிதான், வராது என்றாலும் சரிதான். எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசியவரின் கட்சியே அவர் கட்சி. இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் அந்த மாடியில் எவரும் இல்லை.

ஊராரைப் பற்றிய அவள் கருத்தும் உயர்ந்ததாக இல்லை. புதிய பள்ளிக் கட்டடம் கிடைக்கிறது, மதியச் சாப்பாட்டில் முட்டை கிடைக்கிறது என்றதும் பிள்ளைகளின் மணிக்கட்டுகளை வரிசையில் நின்று நீட்டியவர்கள் அவர்கள். இவர்கள் எல்லாரையும் ஓர் உயரத்தில் நின்று நோக்குவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் எளிதாக வந்தது. கோபம் வருவதில்லை, வருத்தமும் வருவதில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவே. படிப்பு தனக்குக் கொடுத்தது இந்தத் தெளிவுதான் என்று அவள் நம்பினாள்.

அன்று நண்பகலில் அவளுடைய அக்காள் கத்தரீனா காப்பகத்தின் வாசலுக்கு வந்து நின்றாள். கத்தரீனா பாசி எடுப்பவள். நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட நீர்க்கண்ணாடியும், பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியும், புடவைக்கு மேல் போட்ட ஈரச் சட்டையுமாக அவள் பளபளப்பான தரையில் சொட்டச் சொட்ட நிற்பதைக் காவலர் முகம் சுளித்துப் பார்த்தார். எமல்டாவும் சற்றே அப்படித்தான் பார்த்தாள்.

கத்தரீனா சொன்ன செய்தி இது. காலையில் நீர் வற்றியிருந்த நேரத்தில் பெண்கள் திட்டில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மகள் செசிலி அங்கே வந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நீர் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் கரையைப் பார்த்து நடந்தார்கள். திரும்பிப் பார்த்தால், திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓடுகிற வாய்க்காலில் செசிலி நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் தாடையைத் தொட்டிருந்தது. நீருக்குள் ஏதோ ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு, "வாரேம்மா" என்று சிரித்துவிட்டு அங்கேயே நின்றாள். கத்தரீனா நீந்திப் போய் முடியைப் பற்றி இழுத்து வந்தாள். இழுத்து வரும்போது அந்தப் பெண், தண்ணீர் மூக்கில் ஏறுகிறது என்பதை, வெயில் அடிக்கிறது என்பதுபோல் சாதாரணக் குரலில் சொன்னாளாம்.

"அவளுக்கு நீர் காட்டணும்டி" என்றாள் கத்தரீனா. "இந்த வளையலக் கழட்டிட்டுக் காட்டணும். பத்து வயசாகப் போகுது."

"கழட்ட முடியாதுக்கா. விதி இருக்கு."

"அது என்னதான் செய்யுது? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"பயம் வந்தா நெஞ்சு படபடங்கும், உள்ளங்கை வேர்க்கும். அது தலைக்கு ஏறுறதுக்குள்ள இது நரம்புல சின்னதா ஒரு துடிப்ப அனுப்பி அமத்திரும். மொளைக்கிறப்பவே கிள்ளிப் போடுற மாதிரி."

"அப்ப, பயப்பட வேண்டிய எடத்துல?"

"பயப்பட வேண்டிய எடமே ஒலகத்துல இருக்கக் கூடாதுங்கிறதுதான் ஒப்பந்தம்."

கத்தரீனா திட்டின் பக்கம் கையை நீட்டினாள். "கடலுக்குச் சொல்லிட்டாகளா?" என்று கேட்டாள்.

நீர் காட்டுதல் என்பது மிக்கேல்வலசையில் பிறந்த ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. தாய்மாமன் பிள்ளையை வாய்க்காலுக்குத் தூக்கிச் செல்வார். மார்பளவு நீரில் நின்று, பிள்ளையை இரு கையாலும் நீருக்குள் அழுத்திப் பிடிப்பார். பிள்ளை மூச்சு முட்டித் திணறும். திணறி, பிடித்திருக்கும் கையைப் பட்டென்று அடிக்கும். அதற்குத் தட்டு என்று பெயர். தட்டு விழுந்ததும் மாமன் தூக்குவார். அதற்கு முன் தூக்கக் கூடாது. இப்படி மூன்று முழுக்கு. தன் நெஞ்சில் எவ்வளவு மூச்சு இருக்கிறது, அது தீரும்போது உடம்பு எப்படிக் கதறும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். அதன்பிறகு அப்பிள்ளை பாறைத் திட்டில் எங்கும் போகலாம். அஞ்ச வேண்டிய இடம் அதற்குத் தெரியும்.

இந்தச் சடங்கைப் பற்றிப் புயல் காப்பகத்தின் மாடியில் பல மாதங்களாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஹெல்காவுக்கு இது சித்திரவதை. பெரியவர் ஒருவர் சிறுமியை நீருக்குள் அமுக்குவதை வேறு எப்பெயரால் அழைப்பது என்று அவர் கேட்டார். மொராவுக்கு இது விலைமதிப்பற்ற மரபு. பதிவு செய்யப்பட்டால்தான் இவ்வூர்ப் பெண்களை மரபு வாழ்வினர் என்று ஏற்றுத் தீவுத் திட்டுகளில் பாசி எடுக்க அனுமதிக்க முடியும். இல்லையேல் திட்டுகள் மூடப்படும் என்றார். சபாநடேசன் இருவரும் சொல்வது சரிதான் என்றார். மாடியில் குளிர்ந்த காபி மீண்டும் சுடவைக்கப்பட்டு மீண்டும் குளிர்ந்தது.

அக்காளை வாசலில் நிற்க வைத்துவிட்டு எமல்டா அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். மூவரும் அதே சொற்களை அதே வரிசையில் மீண்டும் சொன்னார்கள். அவற்றை அங்குமிங்கும் மொழிபெயர்த்துக் களைத்த அவளுக்குக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. சடங்கு நடக்கட்டும், பிள்ளையின் கையில் காப்பும் இருக்கட்டும் என்றாள். அச்சம் இல்லையென்றால் அது சித்திரவதை ஆகாது; சடங்கு நடந்துவிட்டால் மரபும் அழியாது.

 மொராவ் எழுந்து கை தட்டினார். ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதுவே ஒத்துழைப்பின் உண்மையான வடிவம் என்றார். "அதுவும் சரிதான்" என்றார் சபாநடேசன். பன்னிரண்டு நாடுகளின் அறிவு இவ்வளவு மலிவான ஒரு தந்திரத்தில் அடங்கிவிட்டதே என்று எமல்டா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். எந்தப் பிள்ளை என்று ஹெல்கா கேட்டபோது, வாசலில் காத்திருந்த அக்காளை நினைத்து, செசிலியின் பெயரைச் சொன்னாள். இரண்டு வேலைகள் ஒன்றாக முடிந்தன என்றுதான் அவளுக்குப் பட்டது.

கத்தரீனாவுக்கு அது வேலை முடிந்ததாகப் படவில்லை. "காப்போடயா?" என்றாள். "பெறகு தட்டு எங்கேர்ந்து வரும்?"

"சொல்லிக் குடுத்துருவோம்க்கா."

"இருமலையும் சொல்லிக் குடுப்பியா நீ?"

கத்தரீனா மாட்டேன் என்றே சொல்லியிருப்பாள். ஆனால் பதிவு இல்லையென்றால் திட்டு மூடப்படும் என்பது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பாசி எடுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் வீட்டு வாசலுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் எமல்டாவுக்கும் அண்ணனான கஸ்பார்தான் கடைசியில் அவளைத் தேற்றினான். பிடிக்கப் போவது தான்தானே, தன் கையில் இருக்கும்போது பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்றான். அவன் ஊரில் பாதிப் பேருக்கு நீர் காட்டியவன்.

தட்டைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு கல்விப் பிரிவுக்கு வந்தது. வகுப்பறையில் பாய் விரித்து, அதையே வாய்க்கால் என்று வைத்துக்கொண்டு, கஸ்பார் செசிலியைப் பிடித்துக் கிடத்தினான். சபாநடேசன் எட்ட நின்று கையைத் தட்டினார். அந்த ஓசை கேட்டதும் செசிலி மாமன் கையில் அடித்தாள். பெண் கெட்டிக்காரி, ஒருமுறையும் தவறவில்லை. கற்றல் அடைவு முழுமை என்று சபாநடேசன் குறித்துக்கொண்டார். நீருக்கு மேல் தட்டும் ஓசை நீருக்கு அடியில் எப்படிக் கேட்கும் என்று அவ்வறையில் இருந்தவர்கள் எவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் கூடிவிட்டால் இப்படித்தான். ஒவ்வொருவரும் அதை அடுத்தவர் யோசித்திருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள்.

சடங்கைச் செய்பவரின் பதற்றம் தொடுகையின் வழியே பிள்ளையை அடையும் என்பதால் கஸ்பாருக்கும் காப்பு மாட்டினார்கள்.

"எனக்கும் வளையலா?" என்று அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எம் பொண்டாட்டி பாத்தா அவளுக்கு ஒண்ணு கேப்பா."

சற்று நேரத்தில் அவன் கேலி நின்றது. முகம் வழுவழுப்பாயிற்று. நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னான்.

சடங்கு நாளன்று வாய்க்கால் ஓரத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள் இட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாடுகளின் கொடிகள் உப்புக் காற்றில் அடித்துக்கொண்டன. ஊரார் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர். காப்பு இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. பெற்ற தாய்க்கும் அதே விதி. கத்தரீனா கயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கஸ்பார் செசிலியைத் தூக்கிக்கொண்டு மார்பளவு நீருக்குச் சென்றான். செசிலி கரையைப் பார்த்துக் கையசைத்தாள். அவன் அவளை நீருக்குள் அழுத்தினான். சபாநடேசன் எழுந்து, வகுப்பறையில் செய்ததுபோலவே கையைத் தட்டிவிட்டு, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி அமர்ந்தார்.

எமல்டா பந்தலின் முன்வரிசையில் இருந்தாள். நீர் தெளிவாக இருந்தது. அடியில் செசிலியின் கண்கள் திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. ஹெல்காவின் தொப்பியில் ஒரு சங்கு தைக்கப்பட்டிருப்பதை அவள் கவனித்தாள். இந்தக் கடற்கரையில் வாங்கியதாக இருக்காது. விமான நிலையத்துக் கடையில் வாங்கியிருப்பார். கடலுக்கு எதிரே அமர்வதற்குக் கடலை விலைக்கு வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளும் பெண்மணி. மொராவ் தன் பக்கத்தில் இருந்த விருந்தினரிடம், இம்மக்களுக்கு நீரோடு ஓர் ஆன்மிக உறவு இருப்பதாக விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. கொடிகளில் ஒன்று தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. எந்த நாட்டுடையது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள், அந்நாட்டுப் பிரதிநிதிக்கே அது தெரியவில்லை என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. குமிழிகள் நின்றிருந்தன. கஸ்பார் அமைதியாக நின்றான். அவன் கையில் அடி விழவில்லை. விழாதவரை தூக்கக் கூடாது என்பதை அவன் அறிவான். நீருக்கடியில் செசிலியின் உதடுகள் லேசாகப் பிரிந்து புன்னகைபோல் இருந்தன. நீளமாகத்தான் இருக்கிறது என்று எமல்டா நினைத்தாள். நினைத்துவிட்டு, கயிற்றின் பக்கம் எழுந்த கூச்சலை நோக்கி, இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கே எப்படி நடந்துகொள்வது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை என்ற சலிப்போடு முகத்தைத் திருப்பினாள்.

கத்தரீனா கயிற்றைத் தாண்டியிருந்தாள். நாற்காலிகளின் நடுவே ஓடி, நீரில் விழுந்து, அண்ணனின் கையைப் பல்லால் கடித்துப் பிள்ளையைப் பிடுங்கினாள். கஸ்பார் தடுக்கவில்லை. இரத்தம் வழியும் கையைப் பார்த்து, "தட்டு வரலையேம்மா" என்றான்.

மணலில் கிடத்திக் குப்புறப் புரட்டி, முதுகில் அழுத்தி, அவள் பின்னாலேயே கயிற்றைத் தாண்டி வந்த பாசிக்காரப் பெண்கள் இருவர் நீரை வெளியே கொண்டுவந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தனர். சிலர் இதுவும் சடங்கின் பகுதி என்று எண்ணிப் படம் எடுத்தனர். செசிலி இருமினாள். கத்தரீனா இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து மகளின் காப்பை அறுத்து எறிந்தாள். அடுத்த மூச்சில் அந்தப் பெண்ணின் உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. வாயைத் திறந்தாள், ஓலம் வெளியே வந்தது. தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கடலின் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டேன் என்பதுபோல் அதில் புதைந்துகொண்டாள்.

எமல்டா அருகில் வந்து, கத்தியை உள்ளே வைக்கும்படி அக்காளிடம் நிதானமாகச் சொன்னாள். விருந்தினர்கள் பார்க்கிறார்கள் என்றாள்.

கத்தரீனா தங்கையின் இடது கையைப் பிடித்து இழுத்து, அதிலிருந்த காப்பையும் அறுத்தாள்.

முதலில் வந்தது குளிர். பிறகு அச்சம் வந்தது. மணலில் உட்கார்ந்தவளின் கண் முன்னே, குமிழிகள் நின்றுபோன அந்த நீர்ப்பரப்பு மீண்டும் விரிந்தது. இம்முறை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் யார் என்பதும் தெரிந்தது. அக்காள் மகள் நீருக்கடியில் செத்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு தொப்பியை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். பணியில் சேர்ந்த நாளில்தான் அவள் கையில் காப்பு ஏறியது. எவரையும் மதிக்க முடியாமல் போனதும் அந்நாளிலிருந்துதான். அச்சத்தைப் பிடுங்கிய குழியில் இகழ்ச்சி நிரம்பியிருந்தது. அதற்குத்தான் அவள் தெளிவு என்று பெயர் வைத்து, படிப்பின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். செசிலியின் காலைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். 

பிற்பகலில் மாடியிலிருந்து ஆள் வந்து அவளை அழைத்துப் போனான். மொழிபெயர்க்க வேறு எவரும் இல்லை.

ஹெல்கா சுவரில் ஒளிர்ந்த வரைபடத்தைக் காட்டினார். சடங்கு தொடங்கியதுமுதல் பிள்ளையின் அச்சம் சுழியத்தில் நின்றிருந்தது, ஒருமுறையும் எழவில்லை. தாய் உள்ளே புகுந்து காப்பை அறுத்த கணத்தில் கோடு செங்குத்தாக எழுந்து, அத்துடன் அறுந்துபோயிருந்தது. ஆகவே தீங்கு எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. சடங்கு முழு வெற்றி என்றார் மொராவ். இதை மற்ற நாடுகளுக்கும் மாதிரியாக அனுப்பலாம் என்றார். செசிலியைத் தாயிடமிருந்து பிரித்து, கடலுக்கு அப்பால் உள்ள பன்னிரண்டு நாடுகளின் விடுதியில் சேர்க்க வேண்டும் என்றார் ஹெல்கா. அதை அவர் மிகுந்த கனிவோடு சொன்னார். மூன்று பிரிவுகளும் இசைந்தால் படகு நாளையே புறப்படும். மொராவ் இசைந்தார். இருவரும் சபாநடேசனைப் பார்த்தார்கள், அவர் என்ன சொல்வார் என்பதில் எவருக்கும் கேள்வியில்லாத பார்வை.

எமல்டா பேச முயன்றாள். பிழையறக் கற்ற மொழி உடைந்து உடைந்து வந்தது. பிள்ளை இறந்திருப்பாள் என்றாள். தாய்தான் காப்பாற்றினாள் என்றாள். சொற்களின் நடுவே பற்கள் அடித்துக்கொண்டன. ஹெல்காவும் மொராவும் அவளைப் பொறுமையோடு நோக்கினர். அந்த நோக்கு அவளுக்கு அறிமுகமானது. அதன் உள்பக்கத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தவள் அவள். எந்தச் சொல்லும் அங்கே நுழையாது என்று அறிந்து, சபாநடேசனின் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"சார், ஒரு நிமிசம் அதக் கழட்டுங்க."

"விதியில இடமில்லையேம்மா."

"ஒரே ஒரு நிமிசம் சார். பெறகு மாட்டிக்கிடுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் சபாநடேசன். கேட்டவர்க்கு எதையும் மறுத்துப் பழகாத மனிதர். கொக்கியை நெம்பிக் காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அவருடைய புன்னகை இன்னும் சிறிது நேரம் முகத்தில் இருந்தது. பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர்போல் ஆனார். நெற்றி வேர்த்தது. தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள தண்ணிக்குள்ள இருந்தப்ப நான் எங்கம்மா இருந்தேன்?"

"எம் பக்கத்துலதான் சார்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

அவள் சொல்லத் தயங்கினாள். காலையில் கேட்டிருந்தால் இனிக்க இனிக்கச் சொல்லியிருப்பாள். "கையத் தட்டுனீங்க" என்றாள். "பெறகு போட்டோவுக்குச் சிரிச்சீங்க."

அவர் எழப் பார்த்தார், முடியாமல் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். "இப்ப மூச்சு விடுதா? நல்லா விடுதா?" என்று கேட்டார்.

"விடுது சார். அம்மா மடியில இருக்கு."

"அங்கேயே இருக்கட்டும். நான் ஒத்துக்கல. ஒத்துக்கலைன்னு அவங்ககிட்ட சொல்லும்மா. அவங்க மொழியில அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

எமல்டா சொன்னாள். குரல் நடுங்கியதை மறைக்க அவள் முயலவில்லை. அவர் குரலும் நடுங்கியிருந்தது, அதையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மொராவ் வியப்போடு புருவத்தை உயர்த்தினார். ஹெல்காவின் முகத்தில் சினம் சிறிதும் இல்லை. உடன் பணியாற்றுவோர் இருவர் இப்படித் துன்புறுவதைக் காண அவருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து அலமாரியைத் திறந்து, புதிய காப்புகள் இரண்டை உறை பிரித்து எடுத்துவந்து, அவர்கள் இருவர் முன்னும் பரிவோடு வைத்தார்.

சபாநடேசன், பிரம்பைக் கண்ட பள்ளிப் பிள்ளையைப்போல் இரு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எமல்டா தன் கைகளையும் அங்கே கொண்டுபோய் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.